சம்பளம் உயர்ந்தால் ஐ.டி. வேலை எங்கே போகும்?

"நகையை விற்றுப் பிள்ளையை இன்ஜினியரிங் சேர்க்கிறோம். ஐ.டி. வேலையெல்லாம் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்கிறார்களே, உஸ்தாத்?" தக்கலை, திருவிதாங்கோடு பக்கம் பெற்றோர் பலர் இப்படிக் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. ஆங்கிலம் தெரிந்த பட்டதாரிகள் குறைந்த சம்பளத்தில் கிடைத்ததால்தான் 1990களில் அமெரிக்க நிறுவனங்கள் இந்தியாவுக்கு வேலைகளை அனுப்பத் தொடங்கின. பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களில் சம்பளமும் வாடகையும் ஏறியபோது, நிறுவனங்கள் சிறு நகரங்களையும் பிற நாடுகளையும் பார்க்கத் தொடங்கின.

ஆனால் சம்பளம் மட்டுமே காரணமல்ல. 2010 வாக்கில் தொலைபேசி கால் சென்டர் வேலையில் பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்தியது. அங்கே தொடக்கச் சம்பளம் நம் நாட்டைவிடச் சற்று அதிகம். இருந்தும் வேலை அங்கே போனது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு எளிதில் புரியும் உச்சரிப்பு அவர்களிடம் இருந்ததே முக்கியக் காரணம்.

வேலை நம் பக்கமும் வரும். 2011இல் ஜோஹோ நிறுவனம் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. கிராமத்துப் பிள்ளைகளும் அங்கே மென்பொருள் உருவாக்குகிறார்கள்.

மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தந்தையிடம் சொன்ன பெண், அவர்களின் வலிமையையும் நம்பகத்தன்மையையும் எடுத்துச் சொன்னதாகக் குர்ஆன் (28:26) கூறுகிறது. குறைந்த கூலியைப் பற்றி அவர் பேசவில்லை.

எனவே பெற்றோரே, கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். பிள்ளை அங்கே என்ன வேலை கற்றுக்கொள்வான், ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசுவானா என்று விசாரியுங்கள். அமானிதத்தை வீட்டிலேயே கற்றுக்கொடுங்கள். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். முயற்சி நம் கடமை.