கணக்குக் காட்டாதாரும் குடவோலையும்

ஸ்ரீ:

சட்டம் என்றால் இக்காலத்தவர்க்கு நீதிமன்றமே நினைவில் எழும். அடியேன் தகப்பனாரிடம் பாடம் கேட்ட நாளில், ஓலைச்சுவடியின் மேலும் கீழும் வைத்துக் கட்டும் மரப்பலகைக்கும் சட்டம் என்றே பெயர். ஏடு நொறுங்காமல் காப்பது அது. ஏட்டில் உள்ள பொருள் அதுவன்று. 'நீதி' என்பதோ 'நீ' என்னும் தாதுவில் பிறந்தது. கொண்டு செலுத்துவது என்று பொருள்படும். ஆகையாலே காப்பது சட்டம், வழிநடத்துவது நீதி என்று கொள்ளலாம். எதனைக் காப்பது, எவரிடமிருந்து காப்பது என்பதே இங்கு விசாரம்.

திருவண்ணாமலையிலிருந்து வந்தவாசி வழியே செல்வார்க்கு உத்தரமேரூர் தொலைவன்று. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற்சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. சதுர்வேதி மங்கலத்து மஹாஸபை தனக்குத் தானே விதித்துக் கொண்ட வ்யவஸ்தை அது. 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். நம்பிமார் அனைவரும் இருக்க, அவருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிப்பார். ஒன்றும் அறியாத பாலகன் ஒருவன் ஓலை எடுப்பான். மத்யஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை வாங்குவான், வாசிப்பான், பின்னர் நம்பிமார் அனைவரும் அதனை வாசிப்பர். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திராமைக்கு இத்தனை ஏற்பாடு!

முந்தைய சாஸனத்தில் 30 முதல் 60 என்றிருந்த வயது, பிந்தையதில் 35 முதல் 70 ஆயிற்று. (அடியேன் பெயர் எவ்வகையாலும் அக்குடத்தில் விழாது.) சொந்த மனையும் வரி செலுத்தும் நிலமும் வேத அத்யயனமும் வேண்டும். நிலமற்ற உழவரும் பிறரும் அதில் இடம் பெறவில்லை என்பதை மறைத்துப் பேசுவது உண்மைக்கு அழகன்று. அடியேன் நெஞ்சில் நிற்பது வேறொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவர் மட்டுமன்று, தந்தை, மக்கள், மாமனார், மருமகன், மைத்துனன், உடன்பிறந்தாள் மக்கள், சிற்றன்னை பேரன்னை மக்கள் என்று உறவினர் பலரும் விலக்கப்படுவர்.

வேதம் வல்லாரை இவ்வாறு ஐயுறலாமோ என்னில்: அவ்விதியைச் செய்தவரும் வேதம் வல்லாரே. அயலாரைக் கட்டுவதற்கு முன் தம்மைக் கட்டிக் கொண்டனர். இது தாழ்ச்சியுமன்று. கிஷ்கிந்தா காண்டத்தில் வாலி கேட்ட கேள்விகளுக்கு விடையிறுக்கையில், பெருமாள் தம் ஆற்றலைக் காரணமாகச் சொல்லவில்லை. மநுவின் இரண்டு ச்லோகங்களை எடுத்துக் காட்டி, தண்டிக்கத் தவறிய அரசனையே அப்பாபம் சேரும் என்றார்; நாம் நம் வசத்தில் நிற்பவரல்லோம் என்றும் ஸாதித்தருளினார். நிரங்குச ஸ்வதந்த்ரனான எம்பெருமான் வாக்கு இது என்பதை நோக்க வேண்டும். வாலிவதம் பற்றிய ஆக்ஷேபங்கள் எல்லாம் இதனால் தீர்ந்தன என்று அடியேன் சொல்ல வரவில்லை. ஆளுகிறவன் விதிக்குமேல் நிற்பவனல்லன் என்னும் அம்சமே இங்கு வேண்டுவது.

எங்கள் பங்காளிகளுள் பெரியவர் ஒருவர் இருந்தார், சாஸ்த்ரங்களில் நிபுணர். உத்ஸவத்துக்குச் சேர்ந்த பொருள் பல்லாண்டு அவர் பொறுப்பில் இருந்தது. அத்தகையவரிடம் கணக்குக் கேட்பது அபசாரம் என்று கருதி ஒருவரும் கேட்டிலர். ஆனால் திண்ணைதோறும் பேசினர். அப்பேச்சு அவர் செவிக்கும் எட்டிற்று. கேளாத கேள்விக்கு எவ்வாறு விடை சொல்வது? இறுதிக் காலத்தில் கோஷ்டிக்கு வருவதையே குறைத்துக் கொண்டார். அவர் திருநாடு அலங்கரித்த பின் பெட்டியைத் திறந்தோம். ஒரு காசும் குறையவில்லை; ஆண்டுவாரியாகக் கணக்கும் எழுதி வைத்திருந்தார்.

விதி காப்பது கோயிற்பொருளை மட்டும் என்று அதுவரை எண்ணியிருந்தேன். கணக்குக் கேட்கும் வழக்கம் ஒன்று இருந்திருக்குமாகில் முதலில் காக்கப்பட்டிருப்பவர் அவரே. அவருடைய குமாரர் இப்போது ஒவ்வோர் உத்ஸவமும் முடிந்த மறுநாள், எவரும் கேளாமலே, வரவு செலவைக் கோஷ்டியில் நின்று வாசிக்கிறார்.