கைத்துப்பாக்கித் தோற்ற மாற்றம் (புதுச்சேரி)

கைத்துப்பாக்கித் தோற்ற மாற்றம் என்பது சுடும் திறனையும் இயங்கும் முறையையும் தொடாமல், துப்பாக்கியின் வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றுவதாகும். கைப்பிடித் தகடுகளை மாற்றுதல், நிக்கல் முலாம் பூசுதல், உலோகத்தில் பூவேலை செதுக்குதல் ஆகியவை இதில் அடங்கும். புதுச்சேரியில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவர், இவற்றைச் செய்யும்போது ஆயுதச் சட்டம், 1959 இன் வரம்புகளை மீறக்கூடாது.

சட்டப் பின்னணி

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவுற்றது. 1963 இல் இந்தியச் சட்டங்கள் பல இங்கு விரிவாக்கப்பட்டன. இன்று ஆயுதச் சட்டமும் ஆயுத விதிகள், 2016 உம் இங்கு நடைமுறையில் உள்ளன.

அடையாளக் குறிகள்

துப்பாக்கியில் பொறிக்கப்பட்ட தயாரிப்பாளர் பெயர், எண் போன்ற குறிகளை அழிப்பதையும் மாற்றுவதையும் பிரிவு 8 தடைசெய்கிறது. குறி அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், அவரே அதை அழித்தார் என்று சட்டம் அனுமானிக்கிறது. அப்படியல்ல என்று மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு. முலாம் பூசுவதற்கு முன் உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அப்போது ஆழமில்லாத எழுத்துகள் மறைந்துவிடலாம். அழகுக்காகச் செய்த வேலை வழக்காக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

குழலும் வகையும்

உரிமமின்றிக் குழலைக் குட்டையாக்குவதும், போலித் துப்பாக்கியை உண்மையான துப்பாக்கியாக்குவதும் பிரிவு 6 இன்படிக் குற்றம். 2019 திருத்தத்திற்குப் பின் இதற்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை உண்டு. தோற்றத்திற்காகவே குழலை வெட்டினாலும் அது தோற்ற மாற்றமாகக் கருதப்படாது.

வேலையை ஒப்படைத்தல்

துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் பிரிவு 5 இன்படி உரிமம் தேவை. துப்பாக்கியைப் பெறுபவருக்கு அதை வைத்திருக்கும் தகுதி உண்டா என்று பார்க்காமல் கொடுப்பது பிரிவு 29 இன்படிக் குற்றம். எனவே பாத்திரத்திற்கோ வண்டி உதிரிபாகத்திற்கோ முலாம் பூசும் சாதாரணப் பட்டறையில் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடமே கொடுக்க வேண்டும்.

நடைமுறைக் கவனங்கள்

தடித்த முலாம், நகரும் பாகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் குறைத்துத் துப்பாக்கியைச் சிக்கவைக்கலாம். அதிக வெப்பம் எஃகின் உறுதியைக் குலைக்கும். பளிச்சென்ற வண்ணம் பூசினால், குழந்தைகள் அதைப் பொம்மை என்று நினைத்து எடுக்கக்கூடும். யானைத் தந்த வணிகம் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளதால், தந்தக் கைப்பிடி வாங்குவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 ஐ மீறுவதாகும்.

பழைய துப்பாக்கிகள்

பழுதுபார்த்தாலும் சுட இயலாத தொன்மையான துப்பாக்கிகளுக்குப் பிரிவு 45 விலக்கு அளிக்கிறது. பிரெஞ்சுக் காலத்துப் பொருள் என்பதால் மட்டும் அந்த விலக்கு கிடைக்காது. அத்தகைய துப்பாக்கியில் புதிய முலாம் பூசினால், பழைய முத்திரைகள் மங்கி அதன் வரலாற்று மதிப்பும் குறையும்.