ஊதா இலைச் செடி: அழகும் எச்சரிக்கையும்

வீட்டுக் கடன் விண்ணப்பங்களுக்காக மனைகளைப் பார்வையிடச் செல்வது நமது அலுவல்களுள் ஒன்று. பெங்களூருவின் புதிய குடியிருப்புகளில், முப்பதுக்கு நாற்பது அடி மனையில் வீடு எழும்பிய பின் வாயிலருகே எஞ்சுவது பெரும்பாலும் நான்கடி மண்தான். அந்த நான்கடியில் ஒரு செடியை அடிக்கடி காண்கிறோம். செம்பும் ஊதாவும் கலந்த இலைகள். பூவே வேண்டியதில்லை என்னும்படியான நிறம். தாவரவியலார் இதனை யூபோர்பியா கொட்டினிஃபோலியா என்பர். மெக்சிகோவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் இதன் தாயகம். நம் ஊர்க் கள்ளிகளுக்கும் பாயின்செட்டியாவுக்கும் இது நெருங்கிய உறவு. நர்சரியில் பெயர் சொல்லாமல் வெறும் ஊதா இலைச் செடி என்றே தந்துவிடுவதும் உண்டு. வாங்குபவர் அறிய வேண்டியதோ அந்தக் கள்ளி உறவைத்தான்.

முதலில் நிறம். இலையில் பச்சையம் இல்லாமல் இல்லை. அந்தோசயனின் என்னும் நிறமி அதனை மறைத்து நிற்கிறது. கடும் வெயிலிலிருந்து இலையைக் காக்கும் குடை போன்றது அது. ஆகவே வெயில் மிகுந்தால் ஊதா ஆழமாகிறது. நிழலில் வைத்தால் இலை பச்சை கலந்து மங்குகிறது. (காகிதப்பூவின் நிறம் இதே வகையன்று, பீட்ரூட்டுக்கு நிறம் தரும் பீட்டாலெயின் குடும்பத்தைச் சேர்ந்தது.) நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் படாத வடக்கு வாசலில் இச்செடியை நட்டுவிட்டு நர்சரிக்காரரைக் குறை கூறுவது முறையாகாது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவின் தட்பவெப்பம் இதற்கு ஏற்றது. செம்மண்ணுடன் மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து, நீர் தேங்காதவாறு குழியை நிரப்ப வேண்டும். வேர் பிடித்த பின் நீர் குறைவாகவே போதும். அடிக்கடி ஊற்றினால் வேர் அழுகும். 2024 மார்ச்சில் நகரக் குடிநீர் வாரியம் தோட்டத்திற்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரிசி, காய்கறி கழுவிய நீரே இச்செடிக்குப் போதும் என்பது அன்று பலருக்கு ஆறுதலாயிற்று. குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் அஞ்ச வேண்டாம்; வெப்பம் ஏறியதும் துளிர்க்கும்.

வளரவிட்டால் பதினைந்தடிக்கு மேலும் உயரும். கிளைகளோ காற்றில் எளிதில் முறிபவை. ஆகவே கவாத்து இன்றியமையாதது. இங்கேதான் பால் குறுக்கிடுகிறது. எந்தக் கிளையை வெட்டினாலும் வெண்பால் வழியும். தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும். கண்ணில் பட்டால் கடும் வலி, பார்வை மங்கல், கருவிழிப் புண் வரை போகலாம். உட்கொண்டால் நஞ்சு.

நாமும் இதனைப் பாடப்புத்தகத்திலிருந்து கற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையுறையின்றிக் கவாத்துச் செய்து, நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தோம். சில நிமிடங்களில் இடக்கண்ணைத் திறக்க இயலவில்லை. குழாயடியில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டுக் கண் மருத்துவரிடம் ஓடினோம். இரண்டு நாள் விடுப்பு. கூட்டல் கழித்தல் சரிபார்க்கும் தொழிலில் இருப்பவர் ஒரு சோடிக் கையுறையின் விலையைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று வீட்டில் கேட்டார்கள். விடையில்லை.

எனவே முழங்கை வரை கையுறையும் கண்ணாடியும் அணிந்தே வெட்டுக. பால் தோலில் பட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று இருந்துவிடலாகாது. வெட்டிய கிளைகளை எரித்தால் புகையும் எரிச்சலூட்டும். கத்தரிக்கோலையும் கழுவி வைக்க வேண்டும். அடுத்து அதை எடுப்பவருக்குப் பால் பட்டது தெரியாது. பதியனுக்குக் குச்சி எடுத்தால், வெட்டுமுனையை நீரில் நனைத்துப் பால் நின்றபின், ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி நடலாம். தோட்ட வேலைக்கு வருபவரிடமும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவர் கைதான் முதலில் படுகிறது.

தவழும் குழந்தையோ, எதையும் மெல்லும் நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் இச்செடியே வேண்டாம் என்பது நமது கருத்து. ஊதா நிறம்தான் வேண்டுமெனில் பால் வடியாத லொரோபெட்டலம் இருக்கிறது. சீன நாட்டுப் புதர்ச்செடி. ஊதா இலையோடு இளஞ்சிவப்பு நாடா போன்ற பூக்களும் தரும். மெல்ல வளர்வதால் நான்கடி மண்ணுக்குப் பொருந்தும். சற்றே அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை மட்டும் தொடர்ந்து ஊற்றினால் இலை வெளிறும். மழைநீர்த் தொட்டி உள்ளவர்களுக்கு அந்தக் கவலையில்லை.

நமது வீட்டுச் செடியை நாம் பிடுங்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நடைபாதையில் செல்வோர் மீது படாதவாறு மதிலின் உட்புறமாக மாற்றி நட்டிருக்கிறோம். கையுறை அதன் அருகிலேயே ஆணியில் தொங்குகிறது.