அண்டை வயலுக்கு நாமே ஆய்வாளர்

பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமோ அரியலூர் முந்திரியோ ‘இயற்கை விளைச்சல்’ என்று சந்தைக்கு வந்தால், அது மெய்யென்று சான்று பகர்பவர் யார்? வெளியிலிருந்து ஆய்வாளரை அழைப்பது சிறு விவசாயிக்குப் பெருஞ்செலவு. ஆதலின் மத்திய வேளாண் அமைச்சகம் 2011-இல் ‘பங்கேற்பு உத்தரவாத முறை’யைக் கொணர்ந்தது. ஒரே ஊரில் அல்லது அடுத்தடுத்த ஊர்களில் வாழும் விவசாயிகள் ஐவரேனும் குழுவாகச் சேர வேண்டும். ஒருவர் வயலை மற்றவர் சென்று பார்ப்பர். விதை எங்கே வாங்கியது, எரு எது, பக்கத்துக் கொல்லையில் தெளித்த மருந்து வரப்பைத் தாண்டுகிறதா என்றெல்லாம் கேட்டுக் குறிப்பர். எவர் தேறினார் என்பதைக் குழுவே கூடித் தீர்மானிக்கும்.

இரவில் யூரியா மூட்டையை அவிழ்த்தவரை அதிகாரி அறியார். அண்டை வீட்டார் அறிவர். முறையின் வலிமை இதுவே. இடரும் இதுவே. சம்பந்தியின் வயலில் குறை எழுத எந்தக் கை துணியும்? வாய்க்கால் தகராறு உள்ளவர் குறையில்லாத இடத்திலும் குறை காண மாட்டாரா? (நம் ஊர்களில் வாய்க்கால் தகராறு மூன்று தலைமுறை வாழும்!) ஒருவர் பொய்த்தாலோ, குழுவினர் அனைவரின் மூட்டைக்கும் சந்தையில் பெயர் கெடும். எனவே, இருவர் மாறி மாறி ஒருவரையொருவர் மதிப்பிடலாகாது என்பது நம் கருத்து. மூவராவது சேர்ந்து செல்லட்டும். வயலுக்குரியவரும் உடனிருக்க, எழுதியதை அவ்வரப்பிலேயே நின்று உரக்கப் படிக்கட்டும்.