சினைமுட்டைக்கு ஒரு காவல்

உயர்ந்த இனத்து எருமையொன்று தன் வாழ்நாளில் ஈனும் கன்றுகள் சிலவே. அதன் சினைப்பையிலோ ஆயிரக்கணக்கான சினைமுட்டைகள் பயனின்றிக் கழிகின்றன. அவற்றிற் சிலவற்றை எடுத்துச் சோதனைச்சாலையில் முதிரவைத்துக் கருவாக்கி, வேறு எருமைகளின் கருப்பையில் வைத்து வளர்ப்பது விஞ்ஞானிகள் கண்ட வழியாகும். இவ்வாறு சோதனைச்சாலையில் உண்டான உலகின் முதல் எருமைக் கன்று 'பிரதம்', 1990-ஆம் ஆண்டில் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது.

ஆயினும் சேகரிக்கப்படும் முட்டைகளுள் பெரும்பாலானவை நல்ல கருவாகாமலே வீணாகின்றன. பசுவைக் காட்டிலும் எருமையிடம் கிடைக்கும் முட்டைகள் குறைவாதலின் இவ்விழப்புச் சிறிதன்று. இதற்குரிய காரணங்களுள் ஒன்று பிராணவாயு. தாயின் உடலில் முட்டை தங்கும் இடத்தில் அது குறைவு. வெளிக்காற்றிலோ நூற்றுக்கு 21 பங்கு. சுமார் 24 மணி நேரம் 38.5 டிகிரி வெப்பத்தில் முட்டை முதிரும்போது, இவ்வாயுவிலிருந்து உண்டாகும் தீவிரப் பொருள்கள் அதன் கொழுப்பையும் மரபுப் பொருளையும் சிதைக்கின்றன. எருமை முட்டையிற் கொழுப்பு மிகுதியாதலால் சேதமும் மிகுதி.

அவுரித் தொட்டியில் காற்றுப் புகுந்தால் சாயம் நூலிற் பற்றாமற் போவதை நம் நெசவாளர்கள் அறிவார்கள். அதனைக் காக்கத் தொட்டியில் மருந்து சேர்ப்பதுண்டு. முட்டைக்கும் அத்தகைய காவல் வேண்டும்.

முட்டை தானே உண்டாக்கிக்கொள்ளும் காவற்பொருள் குளூட்டாதயோன். முதிரும் காலத்திலேயே இதனை அது சேமிக்கிறது. வளர்ப்புத் திரவத்தில் சிஸ்டியமின் என்னும் பொருளைச் சேர்த்தால் இச்சேமிப்புப் பெருகும். லிட்டருக்குச் சுமார் 4 மில்லிகிராம் அளவில் இதனைச் சேர்த்தபோது எருமைக் கருக்கள் கூடுதலாகக் கிடைத்தன என்பதை இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, மெலடோனின் ஆகியவையும் சோதிக்கப்பட்டுள்ளன.

அளவு மீறினால் காவலே கேடாகும். முட்டை முதிர்வதற்கு அத்தீவிரப் பொருள்களும் சிறிதளவு தேவைப்படுகின்றன.

அங்கத்தினர்களுக்கு நாம் கூற விரும்புவன இரண்டு. இம்மருந்து சோதனைச்சாலைத் திரவத்துக்கே உரியது. இதன் பெயரைச் சொல்லி விற்கப்படும் தீவனப் பொடி அதே பயனைத் தருமென நம்பிப் பணம் செலவிடலாகாது. மேலும், கரு வைக்க உங்கள் எருமையைக் கேட்டால், எத்தனை கருக்கள் உண்டாயின என்பதோடு நில்லாது, வைத்தவற்றுள் எத்தனை கன்றுகளாய்ப் பிறந்தன என வினவுங்கள். பத்து மாதம் சினையெருமைக்குத் தீனி போடுபவர் நீங்களே அன்றோ?