ராப்டரைப் பல்பிடித்துப் பார்ப்பது எப்படி?

ராத்திரி முழுக்க வெளியில் நின்று குளிர்ந்துபோன 2017 ஃபோர்டு ராப்டர் பிக்கப் ஒன்றை விடிகாலையில் ஸ்டார்ட் செய்கிறார்கள். எஞ்சின் பிடித்ததுமே முன்பக்கத்திலிருந்து ‘கரகர’வென்று ஒரு சத்தம், தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல. இரண்டு மூன்று வினாடிதான். பிறகு எல்லாம் அடங்கி எஞ்சின் சீராக உறுமுகிறது. பழைய பிக்கப் வாங்க வந்தவர் அந்த நேரத்தில் சக்கரத்தையோ சீட்டையோ பார்த்துக்கொண்டிருந்தால், சில ஆயிரம் டாலர் செலவைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது? எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டின் முனையில், ‘ஃபேசர்’ என்ற உருளை இருக்கிறது. வேகத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ப கேம்ஷாஃப்டைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ திருப்பிவிடுவது அதன் வேலை. அதைச் செய்வது ஆயிலின் அழுத்தம். எஞ்சின் நின்றதும் ஆயில் வடிந்துவிடும் என்பதால், மறுபடி அழுத்தம் ஏறும்வரை உள்ளிருக்கும் பாகம் ஆடாமல் ஒரு சிறு முளை பிடித்துக்கொள்ளும். முளையும் அது உட்காரும் குழியும் தேய்ந்துவிட்டால், ஆயில் வந்து சேரும்வரை உள்பாகம் இரண்டு பக்கச் சுவரிலும் மாறி மாறி மோதும். அதுதான் அந்தக் கரகரப்பு. இந்த எஞ்சினில் நான்கு ஃபேசர்கள். அவற்றை மாற்ற எஞ்சினின் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும் என்பதால் பாகத்தைவிடக் கூலியே கடிக்கும். ஃபோர்டு நிறுவனம் பின்னாளில் ஃபேசரின் வடிவமைப்பை மாற்றியது. ஆகவே பழைய வண்டியில் இந்த வேலை செய்த பில் இருந்தால், அதைக் குறையாக எண்ணாமல் ஒரு தகுதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ராப்டர் சாதாரண பிக்கப் இல்லை. பாலைவனப் பந்தய வண்டிகளைப் பார்த்து, மணல் மேட்டிலும் பள்ளத்திலும் வேகமாகப் பாய்வதற்கென்றே எஃப்-150 பிக்கப்பை மாற்றி 2010 மாடலாக ஃபோர்டு கொண்டுவந்தது. முதல் தலைமுறையில் 5.4 லிட்டர், 6.2 லிட்டர் என்று இரண்டு வி8 எஞ்சின்கள்; பெரியதற்கு 411 குதிரைத்திறன். 2017இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு இரட்டை டர்போ பொருத்திய 3.5 லிட்டர் வி6, 450 குதிரைத்திறன், அலுமினிய உடல். பின்சக்கரம் மேலும் கீழுமாக ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நகரும்.

அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளின் விலை சட்டென்று இறங்குவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பிக்கப்களுக்கு 1964 முதல் 25 சதவீத இறக்குமதி வரி இருக்கிறது. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட்டதற்குப் பதிலடியாக வந்த வரி அது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது, வரி மட்டும் நிற்கிறது. போட்டி குறைவு, ஆசை அதிகம். சிப் தட்டுப்பாட்டில் புது வண்டி கிடைக்காமல் போன 2021 ஜூனில், அமெரிக்க அரசின் விலைக் குறியீட்டில் பழைய கார்களும் பிக்கப்களும் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 45.2 சதவீதம் ஏறியிருந்தன. அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் வண்டியோடு சேர்த்துத் தட்டுப்பாட்டுக்கும் காசு கொடுத்தார்கள்.

பழைய வண்டிச் சந்தையின் அடிப்படைச் சிக்கலை 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் ஒரு கட்டுரையில் எழுதினார். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைக்காகத்தான் 2001இல் பொருளியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் சந்தேகத்தைக் கழித்துக்கொண்ட ஒரு நடுத்தர விலையே கிடைக்கும். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். சந்தையில் மோசமானவையே மிஞ்சும். சாதாரணக் காரில் இந்தச் சந்தேகத்தை ஓடோமீட்டர் ஓரளவு தீர்க்கும். பாய்வதற்கென்றே செய்த பிக்கப்பில் தீர்க்காது. நெடுஞ்சாலையில் நிதானமாக ஒரு லட்சம் மைல் ஓடிய ராப்டர் ஒருபுறம், சனி ஞாயிறுகளில் மணல்மேட்டில் பறந்து முப்பதாயிரம் மைல் மட்டுமே ஓடியது மறுபுறம் என்றால், நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ரயில் அச்சுகள் ஏன் திடீரென்று முறிகின்றன என்று ஜெர்மானியப் பொறியாளர் அகஸ்ட் வோலர் ஆராய்ந்தார். ஒரே தடவையில் முறிக்க முடியாத சிறு விசையும், திரும்பத் திரும்ப விழுந்தால் எஃகை முறித்துவிடும் என்று கண்டார். விசை ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் எஃகு கிட்டத்தட்ட சலிப்பே இல்லாமல் தாங்கும்; எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு அடியும் அதன் ஆயுளில் ஒரு துண்டைத் தின்னும். அந்தத் துண்டுகளைக் கூட்டிக் கணக்கிடும் எளிய முறையை 1945இல் மைனர் என்ற பொறியாளர் பரவலாக்கினார். வெல்டிங் செய்த எஃகு இணைப்புகளுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்குப்படி, அழுத்தம் இரண்டு மடங்கானால் அந்த இணைப்பு தாங்கும் தடவைகள் எட்டில் ஒன்றாகிவிடும். ஓடோமீட்டரோ மெதுவாக ஏறிய மைலையும் பறந்து விழுந்த மைலையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். ராப்டரின் பல் அதன் சேஸில், பின்அச்சுக்கு மேலே இருக்கிறது. முதல் தலைமுறை வண்டிகள் சிலவற்றை மிக வேகமாகப் பள்ளத்தில் பாய்ச்சியபோது, பின்அச்சு ரப்பர் தடுப்பில் மோதி அந்த இடத்தில் சேஸ் வளைந்துபோன செய்தி 2011இல் வெளிவந்தது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் நின்று, கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு டார்ச்சோடு கீழே படுத்து, தடுப்பு மோதும் இடத்தில் சுருக்கமோ புது பெயின்டோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். 2,500 கிலோ வண்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய 24,500 ஜூல் ஆற்றல். ஒரு லிட்டர் தண்ணீரை 6 டிகிரி சூடேற்ற அது போதும். டயரும் ஸ்பிரிங்கும் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டாலும், பெரும்பங்கு கடைசியில் ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெயில்தான் சூடாக இறங்கும். ஒரு குதி பரவாயில்லை. நொடிக்குப் பல தடவை குலுங்கும் கரட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் என்றால் எண்ணெய் கொதிப்பேறி இளகும், நாளடைவில் சீல் கெட்டுப்போகும். ராப்டரில் வரும் ஃபாக்ஸ் ஷாக்குகளில் எண்ணெய் நுரைக்காமல் இருக்க நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பிரித்து, எண்ணெயும் சீலும் மாற்றித் திரும்பப் பூட்டலாம். தண்டில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ஈரமாக எண்ணெய் ஒட்டினால் அந்தச் செலவு உங்களுக்கு வருகிறது.

துருவையும் விடக் கூடாது. அலுமினிய உடல் துருப்பிடிக்காது என்று விளம்பரம் பார்த்து நம்புகிறவர்கள், அடியில் இருக்கும் சேஸ் எஃகுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். மிச்சிகன், ஒஹாயோ பக்கம் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அந்த எஃகை அரிக்கும். சேஸ் துரு தொடர்பான வழக்கில், சுமார் 15 லட்சம் வண்டிகளுக்காக 340 கோடி டாலர் வரை செலவழிக்க டொயோட்டா 2016இல் ஒப்புக்கொண்டது. சேஸின் மதிப்பு என்ன என்பதற்கு அதைவிடப் பெரிய விலைச்சீட்டு வேண்டாம்.

‘வைத்திருந்தால் விலை ஏறும்’ என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஏறிய வண்டிகளும் உண்டு. 1991இல் ஜிஎம்சி செய்த சைக்லோன் என்ற டர்போ பிக்கப் கால் மைல் ஓட்டத்தில் ஃபெராரி 348ஐ முந்தியது. பாரம் ஏற்றினால் 225 கிலோவுக்கு மேல் தாங்காது. அந்த ஆண்டில் செய்தது மூவாயிரத்துக்கும் கீழே. அதனால் இன்று அது சேகரிப்பாளர்களின் வண்டி. ராப்டர் அப்படி எண்ணிச் செய்த வண்டி இல்லை. ‘இனி வராது’ என்ற பேச்சையும் நம்பி வாங்க முடியாது: ராம் நிறுவனம் தன் 1500 பிக்கப்பிலிருந்து 2025இல் எடுத்துவிட்ட ஹெமி வி8 எஞ்சின், 2026 மாடலில் திரும்பி வந்துவிட்டது. சூப்பர்சார்ஜர் பூட்டிய ராமின் 702 குதிரைத்திறன் டிஆர்எக்ஸ் பிக்கப்பை முதலீடாக வாங்கியவர் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

பத்து வருஷம் வைத்து ஓட்டப்போகிறேன் என்பவருக்கு என் தேர்வு, முதல் தலைமுறையில் 6.2 லிட்டர் எஞ்சின் பூட்டிய ராப்டர். பெட்ரோல் குடிக்கும். ஆனால் டர்போ இல்லை, டர்போவுக்கான குழாய்கள் இல்லை, கெட்டுப்போக இருக்கும் பாகங்களே குறைவு. முந்தையவர் எஞ்சின் சக்தியைக் கூட்ட ட்யூன் செய்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு இப்படி ஒரு வண்டியை வாங்க நினைக்கும் நம்மவர்கள், விலை பேசும் முன் பானெட்டின்மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். நாளைக் காலை வருகிறேன், அதுவரை சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.