இதய உறை அறுவைக்குப் பின் எக்கோ எதைக் காட்டுகிறது?

எக்கோ பரிசோதனை முடிந்ததும் உறவினர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, “பம்பிங் எத்தனை சதவீதம்?” என்பதே. மாரடைப்புக்குப் பின் அது நியாயமான கேள்வி. இறுகிய இதய உறையை அகற்றும் அறுவைக்குப் பின்னரோ, அந்த எண் விடையின் சிறு பகுதியே. இந்நோயாளிகளில் பலருக்கு அறுவைக்கு முன்பே அது 55, 60 என இயல்பாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் வயிறும் கால்களும் வீங்கி, படியேற மூச்சு முட்டித்தான் அவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

இதயத்தைச் சூழ்ந்த உறை இயல்பில் மெல்லியது. காசநோய் (நம் நாட்டில் இதுவே முதன்மைக் காரணம்), முன்னர் நடந்த இதய அறுவை, மார்பில் அளித்த கதிர்வீச்சு ஆகியவற்றால் அது தழும்பேறித் தடிக்கக்கூடும். சிலருக்குச் சுண்ணாம்பு படிந்து ஓடாகவே ஆகிவிடும். அப்போது இதயம் சுருங்குவதில் பெரும் குறையில்லை. விரிந்து இரத்தத்தை ஏற்கத்தான் இடமில்லை. உள்ளே நுழைய இயலாத இரத்தம் கல்லீரலிலும் கால்களிலும் தேங்குகிறது.

ஆகவே, இதயம் இப்போது தடையின்றி நிரம்புகிறதா என்பதையே நாங்கள் எக்கோவில் தேடுகிறோம். ஓட்டுக்குள் அகப்பட்ட இதயத்தின் இரு கீழறைகளும் குறுகிய பாயில் படுத்த இருவரைப் போன்றவை. ஒருவர் புரண்டால் மற்றவர் ஒதுங்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது வலக் கீழறை கூடுதலாக நிரம்ப, நடுச்சுவர் இடப்புறம் தள்ளப்படும். அந்தத் தள்ளாட்டம் தணிந்துள்ளதா என்று காணவே, “இழுங்கள், விடுங்கள்” என்று பலமுறை சொல்கிறோம். சலிப்பூட்டும் வேலைதான்; பொறுத்தருள்க.

மேல்வயிற்றில் கருவியை வைத்துக் கீழ்ப் பெருஞ்சிரையையும் பார்க்கிறோம். அது 2.1 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்து, மூச்சை உறிஞ்சும்போதும் சுருங்காது நின்றால், இதயத்தின் வலப்புற அழுத்தம் இன்னும் தணியவில்லை எனக் கொள்ளலாம். பம்பிங் எண்ணைவிட இதைக் கேட்டறிவதே பயன் மிக்கது என்பது எங்கள் கருத்து.

முதல் எக்கோவிலேயே அனைத்தும் சீராகியிருக்கும் என எதிர்பார்க்க வேண்டாம். நெடுங்காலம் இறுகிக் கிடந்த இதயத் தசை மெலிந்திருக்கக்கூடும். பழைய அடையாளங்கள் சிலரிடம் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடித்துப் பின் மறைகின்றன. எனினும் எல்லாத் தாமதமும் அத்தகையதன்று. இதயத்தின் பின்புறத்திலும், உதரவிதானத்தை இயக்கும் நரம்பை ஒட்டியும் உறையின் ஒரு பகுதி எஞ்சியிருக்கலாம். மூவிதழ் வால்வின் கசிவு மிகலாம். இவற்றைப் பிரித்தறியப் பழைய எக்கோவோடு ஒப்பிட்டாக வேண்டும். அறுவைக்கு முந்தைய அறிக்கையையும் தவறாது கொண்டு வாருங்கள்.

வீட்டில் நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். சில நாள்களுக்குள் எடை விரைந்து கூடினாலோ, கால் வீக்கம் திரும்பினாலோ, அடுத்த எக்கோ தேதிக்காகக் காத்திராமல் உடனே வருக. காசநோய் மருந்து உட்கொள்பவர்கள், எக்கோ நன்றாக உள்ளது என்பதற்காக மாத்திரையை நிறுத்தலாகாது. அதன் காலக்கெடு வேறு, இதயத்தின் காலக்கெடு வேறு.